மைனஸ் முப்பத்து மூன்று

ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 பயணிகள் விமானத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே, இரண்டு விமானிகளின் கையும் எட்டும் இடத்தில், நீளமான பலகை ஒன்று இருக்கிறது. அதில் நான்கு குமிழ்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே எண் காட்டும் சிறு கட்டம். வேகம், திசை, உயரம், கடைசியாக ஏறி இறங்கும் அளவு. ஆட்டோபைலட்டுக்கு வேலை சொல்லும் இடம் இதுதான். குமிழைத் திருகி எண்ணை வைத்து, வெளியே இழுத்துவிட்டால், விமானம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போகும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் 1992-இல் இரண்டு வகை எண்கள் வரும். -3.3 என்று நின்றால் விமானம் 3.3 டிகிரிச் சரிவில் இறங்கும். -33 என்று நின்றால் நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கும். இடத்தை மிச்சம் பிடிக்கக் கடைசி இரண்டு பூஜ்யங்களையும் விட்டிருந்தார்கள். ஆக இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு புள்ளி.

3.3 டிகிரி என்பது தரையிறங்கும்போது வழக்கமான சரிவுதான். அந்த நேரத்து வேகத்தைப் பொறுத்து, நிமிடத்துக்கு 800 அடியிலிருந்து 1,100 அடிவரை இறங்குவதற்குச் சமம். அதோடு வைத்துப் பார்த்தால் 3,300 அடி மூன்று நான்கு மடங்கு. வானத்தில் உயரே இருக்கும்போது பரவாயில்லை. மலைக்கு மேல், மேகத்துக்குள், இருட்டில் இருந்தால் கதை வேறு.

1992 ஜனவரி 20 அன்று மாலை பிரான்ஸில் நடந்தது அதுதான். ஏர் இன்டர் நிறுவனத்தின் 148-ஆம் எண் விமானம் லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர் புறப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஊழியர்களையும் சேர்த்து உள்ளே 96 பேர். மாலை 7.20 மணிக்கு அது வோஜ் மலைத்தொடரில், செயின்ட் ஓடில் மலைக்கு அருகே, சுமார் 2,600 அடி உயரத்தில் மரங்களுக்குள் புகுந்து மோதியது. 87 பேர் இறந்தார்கள். 9 பேர் பிழைத்தார்கள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, எரிபொருள் இருந்தது, விமானம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. விமானிகளுக்குத் தாங்கள் எவ்வளவு வேகமாக இறங்குகிறோம் என்பது மட்டும் தெரியவில்லை.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது, "பட்டனை மாற்ற மறந்துவிட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் மறதி எப்படி அவ்வளவு எளிதாக நடந்தது, நடந்த பிறகு ஒரு நிமிடம் முழுவதும் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்ற கேள்விகளை அது தொடுவதே இல்லை.

முதலில் அந்த அறையில் இருந்தவர்களைப் பார்ப்போம். கேப்டன் மொத்தம் 8,800 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானிக்குச் சுமார் 3,600 மணி நேரம். இரண்டுமே மதிக்கத்தக்க கணக்குகள். ஆனால் ஏ320-இல் கேப்டனுக்கு இருந்த அனுபவம் 162 மணி நேரம், துணை விமானிக்கு 61. இரண்டையும் கூட்டினால்கூட 225 வரவில்லை. வேறு விமானங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகிய கைகளும் கண்களும்தான் இந்தப் புது அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தன.

பழைய அறைகளில் இறங்கும் வேகம் என்றால் அது வட்டமான முகப்பில் ஆடும் முள். நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற ஒரே கணக்குதான் அதற்குத் தெரியும். முள் எங்கே நிற்கிறது என்பதை ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும், எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. ஏ320-இல் அந்த முள்ளுக்கு ஈடானது திரையின் வலது ஓரத்தில் ஒடுங்கிப்போய் இருந்தது. விமானி கட்டளையிடும் இடமோ இலக்கங்களால் ஆனது. இலக்கத்தைப் பார்த்தால் போதாது, படிக்க வேண்டும். படிக்கும்போது மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தான் முதலில் படிக்கும்.

சரிவுக் கோணத்தை வைத்து இறங்கும் முறையைக் கொண்டுவந்தது முட்டாள்தனம் இல்லை. அது உண்மையிலேயே நல்ல வசதி. ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோக் கதிர், இவ்வளவு சரிவில் வா என்று வழிகாட்டும் இடங்களில் பிரச்சினையே கிடையாது. அந்தக் கதிர் இல்லாத ஓடுபாதைகளில் விமானிதான் சரிவைக் கணக்குப் போட வேண்டும். வேகம் மாறினால் நிமிடத்துக்கு இறங்கும் அடியும் மாறும். எதிர்க்காற்று கூடினால் மறுபடி கணக்கு. கோணத்தை மட்டும் சொல்லிவிட்டால் இந்தத் தலைவலியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆகவே -3.3 என்று வைப்பது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். அதற்கும் பழைய முறைக்கும் ஒரே கட்டத்தைக் கொடுத்ததில்தான் வில்லங்கம்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரே ஒரு பட்டன். அந்தப் பட்டன் இறங்கும் அளவை மட்டும் மாற்றாது, திசையையும் சேர்த்தே மாற்றும். ஒரு ஜோடியில் விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதும் இருக்கும். இன்னொரு ஜோடியில் தரையின் மீது விமானம் உண்மையில் நகரும் திசையும் சரிவுக் கோணமும். ஜோடியைப் பிரிக்க முடியாது. கட்டுப்பாட்டு அதிகாரி ரேடாரில் பார்த்துக்கொண்டு, இந்தத் திசைக்குத் திரும்புங்கள் என்று சொன்னால், அவர் சொல்வது மூக்கின் திசையை. அதற்கேற்ற ஜோடி முதலாவது. அதில் இருக்கும்வரை இறங்கும் கட்டம் அடியில்தான் பேசும். அப்புறம் ரேடார் வழிகாட்டல் முடிந்து, வரைபடத்தில் போட்டிருக்கும் 3.3 டிகிரியை வைக்கப் போகும் நேரத்தில், பட்டனை அழுத்த வேண்டும் என்பது நினைவுக்கு வர வேண்டும்.

அந்த மாலையில் அப்படி ஒரு ரேடார் வழிகாட்டல் இருந்தது. அது முதலில் திட்டத்திலேயே இல்லை.

ஸ்ட்ராஸ்பூரில் வடகிழக்குக் காற்று. அதனால் 05 என்ற ஓடுபாதையில் இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் சரிவைக் காட்டும் ரேடியோக் கதிர் கிடையாது. நேர்கோட்டையும் தொலைவையும் மட்டும் சொல்லும் ஏற்பாடுதான். கதிர் இருந்தது எதிர்முனையில். கேப்டன் போட்ட திட்டம் நியாயமானது: எதிர்முனைக் கதிரைப் பிடித்து மேகத்துக்குக் கீழே வந்து, ஓடுபாதையைக் கண்ணால் பார்த்ததும் சுற்றி வந்து 05-இல் இறங்கிவிடலாம். பழக்கமான வழி. ஆனால் 05-இலிருந்து வேறு விமானங்கள் கிளம்பவிருந்தன. அந்த வழியில் வந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று கட்டுப்பாட்டு அறை சொன்னது. சரி, நேராகவே 05-க்கு வருகிறோம் என்று விமானிகள் மாற்றிக்கொண்டார்கள். நேரம் வீணாகாமல் இருக்க, ஆண்ட்லோ என்ற புள்ளிவரை ரேடாரில் கூட்டிப்போகிறேன் என்றார் அதிகாரி. ஓடுபாதைப் பக்கத்திலிருந்து 11 கடல் மைல் தொலைவில் உள்ள இடம் அது. அங்கே 5,000 அடி உயரத்தில் இருக்க வேண்டும், அங்கிருந்து இறங்கத் தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தயாராகாத ஒரு வழியை எடுத்தாயிற்று. அதற்கான வரைபடத்தைப் பார்க்க வேண்டும், இறங்கும் சரிவை மனதில் வைக்க வேண்டும், சக்கரம் இறக்க வேண்டும், இறக்கையின் மடிப்புகளை விரிக்க வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்க வேண்டும். நடுநடுவே அதிகாரி சொல்லும் திசைகளுக்குத் திரும்ப வேண்டும். இவை எல்லாம் சில நிமிடங்களுக்குள். போதாக்குறைக்கு, ரேடார் வழிகாட்டல் முடிந்தபோது விமானம் ஓடுபாதையின் கோட்டில் சரியாக வந்து சேரவில்லை, பக்கவாட்டில் தள்ளியிருந்தது. கோட்டைப் பிடிக்க வேண்டும் என்பதே இரண்டு பேருக்கும் பெரிய கவலையாகிவிட்டது. கடைசி நிமிடத்துப் பேச்சில் இந்தப் பக்கவாட்டு விலகல்தான் முன்னால் நிற்கிறது. உயரம் பின்னால் போய்விட்டது.

விலகலைச் சரிசெய்துகொண்டே, ஆண்ட்லோவைத் தாண்டும் நேரத்தில் இறங்கும் கட்டளை கொடுக்கப்பட்டது. விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,300 அடி வீதம் கீழே போகத் தொடங்கியது. மோதலுக்கு அப்போது சுமார் ஒரு நிமிடம் இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் விமானம் பொய் சொல்லவில்லை. உயரமானி குறைந்துகொண்டே வந்தது. திரையின் உச்சியில் எந்த முறை வேலை செய்கிறது என்று எழுத்திலேயே காட்டும். கோண முறையில் இருந்திருந்தால் திரையின் நடுவே சின்னப் பறவை மாதிரி ஒரு குறி தெரிந்திருக்கும், அது தெரிந்திருக்காது. இறங்கும் வேகமும் ஓரத்தில் இருந்தது. எல்லாத் தகவலும் கண்ணெதிரே. ஆனால் 61 மணி நேரமும் 162 மணி நேரமும் பழகிய கண்கள், ஒரு குறி இல்லாததைக் கவனிப்பது கடினம். புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்தில் எந்த ஸ்விட்ச் எங்கே என்று தேடுவோமே ஒழிய, எது வழக்கத்துக்கு மாறாக அணைந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றாது. வழக்கம் என்று ஒன்று உருவானால்தானே மாறுதல் தெரியும்.

செங்குத்தாக இறங்கினால் வேகம் கூடும். கூடியது. இறக்கைமேல் உள்ள வேகத்தடைப் பலகைகளை விரித்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆய்வு முழுவதிலும் மனதை உறுத்துவது இந்தச் சிறு செயல்தான். தவறு தன்னைக் காட்டிக்கொடுக்க வந்த ஒரே தருணம் அது. வேகம் ஏன் கூடுகிறது என்று யாராவது ஒருவர் நினைத்திருந்தால் அடுத்த கேள்வி இறங்கும் அளவுக்குத்தான் போயிருக்கும். ஆனால் வேகம் கூடினால் தடையைப் போடுவது என்பது கை தானாகச் செய்யும் வேலை. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது மாதிரி.

இன்னொரு காவலும் அன்று இல்லை. தரை நெருங்குகிறது என்று கத்தி எச்சரிக்கும் கருவி அமெரிக்காவின் பெரிய விமானங்களில் 1970-களின் நடுவிலேயே கட்டாயமாகிவிட்டது. பிரான்ஸில் 1992-இல் உள்நாட்டு விமானங்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஏர் இன்டர் அதைப் பொருத்தியிருக்கவில்லை. அந்த நிறுவனத்தின் விமானங்கள் வேகமாக வந்து வேகமாக இறங்குவதில் பேர்போனவை. குறுகிய தூரத்தில் ரயிலோடு போட்டி. அப்படி இறங்கினால் கருவி வீணாக அடிக்கடி அலறும் என்று கருதினார்கள். வீண் எச்சரிக்கை ஆபத்தானது என்பது உண்மைதான், அலறலுக்குக் காது பழகிவிடும். ஆனால் அதற்காகக் கருவியையே வேண்டாம் என்றது எனக்கு ஒப்பவில்லை. இதே வேக வழக்கம் இன்னொன்றையும் செய்திருக்கும்: சட்டென்று இறங்குவது அந்த விமானிகளின் உடம்புக்குப் புதிதாக இருந்திருக்காது.

மோதிய பிறகு விமானத்தைக் கண்டுபிடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மலை, இரவு, பனி. பிழைத்தவர்கள் அதுவரை குளிரில் காத்திருந்தார்கள்.

புலனாய்வாளர்களுக்கும் எல்லாம் கைக்குக் கிடைத்துவிடவில்லை. விமானத் தரவுப் பதிவுக் கருவி நெடுநேரம் தீயில் கிடந்து பயன்படாமல் போயிற்று. பராமரிப்புக்காக வைத்திருந்த வேறொரு பதிவுக் கருவியிலிருந்துதான் இறக்கத்தின் அளவு தெரியவந்தது. பலகையில் எந்த எண் தெரிந்தது, பட்டன் அழுத்தப்பட்டதா என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை. அதனால் விசாரணைக் குழு பல சாத்தியங்களை அடுக்கியது. விமானிகள் கோணம் வைப்பதாக நினைத்து அடிகளை வைத்திருக்கலாம். எண்ணையே தவறாக வைத்திருக்கலாம். பலகையில் பழுது ஏற்பட்டிருக்கலாம், அதற்கு வாய்ப்புக் குறைவு என்றாலும் முற்றிலும் தள்ளிவிட முடியாது. இவற்றில் முதலாவதுதான் பலருக்கும் ஏற்புடையதாக இருக்கிறது. காரணம் எளிது: வரைபடம் கேட்ட சரிவு 3.3 டிகிரி, விமானம் இறங்கியது 3,300 அடி. அதே இலக்கங்கள். தற்செயல் என்று நினைப்பது சிரமம்.

வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2006-இல் கோல்மார் நீதிமன்றத்தில் ஆறு பேர் மீதான குற்ற வழக்கு விசாரணைக்கு வந்து, ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அது சட்டத்தின் கணக்கு. நமக்கு வேண்டியது பலகையின் கணக்கு.

அந்தப் பலகை ஏற்கெனவே ஒரு முறை பேச்சுக்கு வந்திருந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அங்கேயும் கடைசித் தருணங்களில் விமானம் தேவைக்குமேல் கீழே வந்துவிட்டது. இயந்திரங்கள் குறைந்தபட்ச நிலையில் இருந்தன. நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, இறங்கும் அளவுக் குமிழுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் உயரக் குமிழைத் திருகி 700 அடி என்று வைத்திருக்கலாம் என்ற சாத்தியம் விசாரணையில் பேசப்பட்டது. அப்படி வைத்தால் விமானத்தின் தானியங்கி அமைப்பு 700 அடி உயரத்துக்கு இறங்குவதற்காக இயந்திர விசையைக் குறைத்துவிடும். அங்கே 700, இங்கே 33. வைத்த எண் இரண்டிலும் சரி. அது எதைக் குறிக்கும் என்பதில் கோளாறு.

இது ஏ320-இன் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. கணினித் திரையே இல்லாத காலத்தில், முள்ளாலான கருவியில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது.

முப்பது நாற்பது ஆண்டுகள் விமானங்களில் இருந்த பழைய உயரமானிக்கு மூன்று முட்கள். நீளமான முள் நூறுகளைக் காட்டும், ஒரு சுற்றுக்கு 1,000 அடி. நடு முள் ஆயிரங்களைக் காட்டும், ஒரு சுற்றுக்கு 10,000 அடி. மிகச் சிறிய முள் பத்தாயிரங்களை. கடிகாரம் மாதிரிதான், ஆனால் கடிகாரத்தில் விநாடி முள் தவறினால் யாரும் சாகமாட்டார்கள். 11,500 அடியில் பறக்கும்போது நீள முள் ஐந்தில், நடு முள் ஒன்றரையில், குட்டி முள் ஒன்றைச் சற்றே தாண்டி நிற்கும். 1,500 அடியில்? நீள முள் ஐந்தில், நடு முள் ஒன்றரையில். வித்தியாசம் முழுவதும் அந்தக் குட்டி முள்ளில். அது ஒன்றைத் தாண்டியிருக்கிறதா, பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறதா என்பதில். பெரும்பாலும் மற்ற இரண்டு முட்களுக்கு அடியில் அது ஒளிந்திருக்கும்.

1958 டிசம்பர் 24 அன்று பிஓஏசி நிறுவனத்தின் பிரிட்டானியா விமானம் ஒன்று சோதனைப் பறத்தலுக்காக லண்டனிலிருந்து கிளம்பியது. இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம் திரும்பி வரும்போது, 12,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு இறங்க அனுமதி கேட்டார்கள். கொடுக்கப்பட்டது. கீழே மூடுபனி. சிறிது நேரத்தில் விங்க்டன் என்ற ஊருக்கு அருகே தரையில் மோதியது. இருந்த 12 பேரில் 9 பேர் இறந்தார்கள். 10,000 அடி வித்தியாசத்தில் உயரமானியைத் தவறாகப் படித்திருந்தார்கள். உயரத்தை உறுதிசெய்யத் தவறியது விமானிகளின் பிழை என்றது விசாரணை அறிக்கை. ஆனால் அதோடு நிற்கவில்லை. இவ்வளவு முக்கியமான கருவிக்குத் தேவைப்படக் கூடாத அளவு கவனத்தை அந்த உயரமானி கேட்கிறது என்றும் எழுதியது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் பிஇஏ நிறுவனத்தின் வைகவுன்ட் விமானம் ஒன்று இதே மாதிரி 10,000 அடி தவறில் தரையில் மோதியிருந்தது. 14,500 அடியில் இருப்பதாகக் கேப்டன் நினைத்தார், இருந்தது 4,500 அடியில். பயணிகள் இல்லாத பறத்தல், ஐந்து ஊழியர்களும் உயிரோடு வந்தார்கள். எட்டு மாதத்துக்குள் இரண்டு.

இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், விஷயம் அப்போதே பதினோரு ஆண்டு பழசு. பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் அமெரிக்க ராணுவ விமானப் படைக்காக 1947-இல் செய்த ஆய்வில், கருவிகளைத் தவறாகப் படித்த 270 அனுபவங்களை விமானிகளிடமிருந்தே கேட்டுத் தொகுத்தார்கள். பல சுற்றுச் சுற்றும் முட்களைப் படிப்பதில் வந்த பிழைதான் அதில் பெரிய வகை. இரண்டு ஆண்டுகள் கழித்து வால்டர் கிரெதர் பல வகை உயரமானிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று முள் கருவியைப் படிக்கத் தேர்ந்த விமானிகளுக்கே ஏழு விநாடி அளவு ஆனது. அப்படியும் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை 1,000 அடியோ அதற்கு மேலோ தப்பாகச் சொன்னார்கள். எண்ணாகவே காட்டும் கருவியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஆக, முள்ளைவிட எண் நல்லது என்பது ஆய்வில் தெளிவாகிவிட்டது. சரி, எண்ணுக்கு மாறியாயிற்று. மாறிய பிறகு ஸ்ட்ராஸ்பூர் நடந்தது.

முரண் மாதிரித் தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று முள் கருவியில் எந்த முள் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்ப்பவர் மனதில் வைத்திருக்க வேண்டும். ஏ320 பலகையில் எந்த முறையில் இருக்கிறோம் என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். கருவி பாதியைச் சொல்கிறது, மீதியை மனிதன் நிரப்புகிறான். பழகியவன் சரியாக நிரப்பிவிடுவான், பெரும்பாலும். புதியவன் தான் முன்பு இருந்த அறையிலிருந்து எடுத்து நிரப்புவான். அல்லது இப்போது எதை எதிர்பார்க்கிறானோ அதிலிருந்து.

இதற்கு இன்னொரு உதாரணம் 1999 ஏப்ரல் 15 அன்று ஷாங்காய் ஹோங்சியாவ் விமான நிலையத்திலிருந்து சியோலுக்குக் கிளம்பிய கொரியன் ஏர் சரக்கு விமானம். எம்டி-11. சீனாவில் உயரத்தை மீட்டரில் சொல்வார்கள், விமானிகளுக்குப் பழக்கம் அடியில். 1,500 மீட்டருக்கு ஏறச் சொன்னது கட்டுப்பாட்டு அறை. அது சுமார் 4,900 அடி. விமானம் 4,500 அடியில் சரியாக ஏறிக்கொண்டிருந்தபோது, எவ்வளவு உயரம் சொன்னார்கள் என்று கேப்டன் கேட்டார். 1,500 அடி என்று துணை விமானி சொன்னார். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னார். அப்படியானால் 3,000 அடி கூடுதலாக ஏறிவிட்டோம் என்று கேப்டன் மூக்கை வேகமாகக் கீழே அழுத்தினார். அதிலிருந்து விமானம் மீளவில்லை. விமானத்தில் இருந்த மூவரும் தரையில் ஐந்து பேரும் இறந்தார்கள். கேப்டன் சந்தேகப்பட்டுக் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கே கடைப்பிடிக்கப்பட்டது. சரிபார்த்தவரின் காதிலும் 1,500 என்ற எண் மட்டும்தான் தங்கியிருந்தது, மீட்டர் தங்கவில்லை.

இப்படி வரிசையாகப் பார்க்கும்போது, பயிற்சியைக் கூட்டினால் போதும் என்ற வழக்கமான முடிவு எனக்குப் போதாததாகப் படுகிறது. பயிற்சி வேண்டும்தான். புது விமானத்துக்கு மாறிய இருவரை ஒரே அறையில் ஜோடி சேர்க்காமல் இருப்பது அதைவிட உடனடியாகப் பலன் தரும். இன்று பல நாடுகளில், அந்த விமானத்தில் மணி நேரம் குறைவாக உள்ள கேப்டனையும் துணை விமானியையும் சேர்த்துப் போடத் தடை இருக்கிறது. அட்டவணை போடுகிறவருக்குத் தொல்லை, பணச் செலவு. ஆனால் 162-க்குப் பக்கத்தில் 61 உட்காராது. பக்கத்தில் இருப்பவருக்காவது அந்தப் பறவைக் குறி இல்லாதது கண்ணில் உறுத்தும்.

பிரான்ஸில் தரை நெருங்கும் எச்சரிக்கைக் கருவி விபத்துக்குப் பிறகு கட்டாயமானது. மேடைப் பேச்சுகளில் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அது தவறு நடந்த பின் காப்பாற்றும் கருவி, தேவையானதும்கூட. தவறே நடக்காமல் தடுக்க ஏர்பஸ் செய்த மாற்றம் அதைவிடச் சிறியது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இறங்கும் கட்டத்தில் அடி முறையில் இருக்கும்போது நான்கு இலக்கங்களும் தெரியும்படி செய்தார்கள். முன்பு -33 என்று நின்ற இடத்தில் இப்போது 33-க்குப் பின்னால் இரண்டு பூஜ்யங்கள் வருகின்றன. அந்தப் பூஜ்யங்கள் மற்ற இலக்கங்களைவிடச் சிறியவை, வரியின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏ320 விமானி அறையின் படம் எதையாவது பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அவற்றைத் திருக முடியாது, அவை எப்போதும் பூஜ்யம்தான். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கும் வேலை மிச்சம். -3.3 குட்டையாக இருக்கும், மற்றது நீளமாக இருக்கும், ஓரக்கண்ணுக்கே போதும்.

முறையை மாற்றும் பட்டன் மட்டும் அதே இடத்தில், திசையையும் இறக்கத்தையும் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு, இன்றும் இருக்கிறது.